நீர் குடியிருக்கும் மலை



'கெபி' என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது எது? ஆலய வளாகத்தின் ஒரு மூலையில், கருங்கல்லையும் சிமெண்டையும் குழைத்துக் கட்டி, நீலக் கச்சை அணிந்த லூர்து அன்னையின் சுரூபத்தை வைத்து, மாலையில் மெழுகுதிரி ஏற்றுகிறோமே, அந்தச் சிறு குகைதான். அதன் ஆழம் நாலைந்து அடி இருந்தால் அதிகம். அதற்குள் புகுந்து வழி தவறிப்போக எவராலும் இயலாது. அண்மையில் இளைஞர் மன்றக் கூட்டம் முடிந்து கலைகிற நேரத்தில் ஒரு பையன் என்னிடம், "நிஜமான கெபியை யார் தோண்டுகிறார்கள், சுவாமி?" என்று கேட்டான். "மழை" என்று ஒரே சொல்லில் பதில் சொன்னேன். நான் கேலி செய்வதாக எண்ணிக்கொண்டு அவன் போய்விட்டான். அவனுக்காகவும், அவனைப் போல் கேட்க நினைத்துக் கேளாதிருப்பவர்களுக்காகவும் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றின் குகையைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன்.

சுவிட்சர்லாந்தின் நடுப்பகுதியில் ஷ்வீட்ஸ் என்றொரு மாநிலம் இருக்கிறது. அந்நாட்டுக்கே பெயர் தந்த மாநிலம் அதுதான். அங்கே முவோத்தா என்னும் ஆறு மலைகளை அறுத்துக்கொண்டு வந்து லூசர்ன் ஏரியில் கலக்கிறது. அந்த ஆறு வகுத்த பள்ளத்தாக்கின் பெயர் முவோத்தாதால். மாடு வளர்ப்பும் பாற்கட்டியும் மரவேலையும் அங்குள்ளோரின் பழைய தொழில்கள். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாழும் இடம் அது. பிரான்சிஸ்கு சபைக் கன்னியரின் பழம்பெரும் மடம் ஒன்றும் அங்குண்டு. 1799-ஆம் ஆண்டு ரஷ்யத் தளபதி சுவோரோவ் பசித்துக் களைத்த தன் சேனையோடு மலை கடந்து இப்பள்ளத்தாக்கில் இறங்கியபோது, பிரெஞ்சுப் படையினர் வழியை மறித்துக்கொண்டனர். எந்தப் பக்கம் தப்புவது என்று அவர் தம் அதிகாரிகளோடு ஆலோசனை நடத்தியது இந்தக் கன்னியர் மடத்தில்தான். முடிவில் பிராகல் கணவாய் வழியாகக் கிழக்கே ஏறிப் போனார். அந்தச் சேனையின் காலடிக்குக் கீழே பல நூறு அடி ஆழத்தில் இன்னொரு பாதை வலைப்பின்னல் கிடந்தது. அதை அன்று ஒருவரும் அறியார்.

அந்த வலைப்பின்னலின் பெயர் ஹெல்லோக். ஜெர்மன் மொழியில் 'ஹெல்லே' என்றால் நரகம், 'லோக்' என்றால் துவாரம். 'குருவானவர் மறுபடியும் நரகத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்' என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்! அவ்வூர்ப் பேச்சு வழக்கில் 'ஹேல்' என்றால் வழுக்கல் என்று பொருள். வழுக்கும் துவாரம் என்பதே நாளடைவில் நரகத்துவாரம் போல் ஒலிக்கலாயிற்று என்பர். அந்தக் குகையின் ஈரப் பாறையை அறிந்தவர்கள் இந்த விளக்கத்தைச் சட்டென்று ஒப்புக்கொள்வார்கள்.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். பள்ளத்தாக்கின் மேலே சில்பெரன் என்றொரு மலைப்பரப்பு விரிந்து கிடக்கிறது. அதன் உச்சி 2,319 மீட்டர். ஏராளமான மழையும் பனியும் பெய்கிற இடம் அது. ஆனாலும் அங்கே ஓர் ஓடை கிடையாது. வெள்ளி போல் மின்னும் சுண்ணாம்புக்கல் வெறுமையாய்க் கிடக்கிறது. ஏர் உழுதது போல் அதில் பள்ளம் பள்ளமாய்க் கீறல்கள். பெய்த நீர் அத்தனையும் அந்த வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடுகிறது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை மழைநீர் தன்னோடு சேர்த்துக்கொள்வதால் அது மிக மெல்லிய அமிலமாகிறது. நாம் குடிக்கும் சோடாவில் நாவைக் குத்துவது எதுவோ, அதுவேதான். அந்தப் புளிப்பு சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைக்கிறது. மயிரிழை போன்ற வெடிப்பு விரலளவாகி, விரலளவு ஆளளவாகி, ஆளளவு மண்டபமாவதற்கு இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. தோண்டிய மழை கீழே முவோத்தா ஆற்றின் அருகே ஊற்றாகப் பீறிட்டு வெளியே வந்துவிடுகிறது.

இவ்விடத்தில் அறிஞர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. சுண்ணாம்புக்கல்லில் இறங்கிய நீர் சிறிது தூரம் போவதற்குள்ளாகவே தன்னால் இயன்ற அளவு கல்லைக் கரைத்துக்கொண்டு நிறைவடைந்துவிடும். அதன்பின் அதற்குக் கரைக்கும் ஆற்றல் இல்லை. அப்படியிருக்க மலையின் அடிவயிற்றில், ஆயிரம் அடி ஆழத்தில், இத்தனை பெரிய குகைகள் உண்டாவது எப்படி? இதற்கு விடை கண்டவர் ஆல்பிரெட் பேக்லி என்பவர். 1912-இல் பிறந்த இவர் லூசர்ன் மாநிலத்து ஹிட்ஸ்கிர்க் என்னும் ஊரில், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராயிருந்தவர். வெவ்வேறு அளவு கரியமில வாயுவைக் கொண்ட இரண்டு நீரோட்டங்கள், இரண்டும் சுண்ணாம்பினால் நிறைந்தவையே ஆயினும், மலைக்குள் ஓரிடத்தில் சந்தித்துக் கலந்தால், கலந்த நீருக்குக் கல்லைக் கரைக்கும் ஆற்றல் புதிதாய்ப் பிறக்கிறது என்று 1964-இல் அவர் எடுத்துக்காட்டினார். பந்தியில் வயிறார உண்டு எழுந்த இருவர், வாசலில் ஒருவரையொருவர் கண்டதும் இருவருக்கும் மறுபடி பசியெடுத்த கதை போன்றது இது. நம்புவதற்குக் கடினம், ஆனால் இரசாயனக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. குகை இயலில் இன்றும் போற்றப்படுகிற கண்டுபிடிப்பு இது.

பேக்லி இதை நூலகத்தில் உட்கார்ந்து மட்டும் அறியவில்லை. அவருடைய கதைக்குப் போகுமுன், அவருக்கு முன்னே அந்த வாசலில் நுழைந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலில் நுழைந்து பார்த்தவராகப் பதிவு பெற்றவர் அலோயிஸ் உல்ரிக் என்னும் உள்ளூர்க் குடியானவர். ஆண்டு 1875. ஏறமுடியாத ஒரு பாறைச் சுவர் வரைக்கும் போனார். 'பொல்லாச் சுவர்' என்பது அதன் பெயர். பின்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூரிக் நகரத்தார் வந்து, அச்சுவரையும் கடந்து, முறையாக அளந்து வரைபடம் எழுதத் தொடங்கினர். குகையின் பெருமை பரவிற்று. பரவியதும் பணம் பின்னாலேயே வந்தது. 1906-இல் பெல்ஜிய, சுவிஸ் முதலாளிகள் சேர்ந்த ஒரு கம்பெனி குகையைக் குத்தகைக்கு எடுத்தது. நடைபாதை போட்டார்கள், இரும்புக் கைப்பிடி வைத்தார்கள், படிக்கட்டு அமைத்தார்கள், மின்சார விளக்கும் போட்டார்கள். இருண்ட மலையின் வயிற்றில் கனவான்களும் சீமாட்டிகளும் உலாவ வேண்டும் என்பது ஏற்பாடு. 1910-இல் பெருவெள்ளம் வந்தது. மலைக்குள் ஏறிய நீர் அந்தப் பாதைகளையும் விளக்குகளையும் சிதைத்துவிட்டது. கம்பெனியின் கனவு அத்தோடு போயிற்று.

இது எப்படி என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் கதைக்கு இதுவே திறவுகோல். சாதாரண நாள்களில் மலைக்குள் இறங்கும் நீர், மிக ஆழத்திலுள்ள வழிகளில் ஓடி ஊற்றாய் வெளியேறிவிடுகிறது. நாம் நடக்கிற வழிகள் காய்ந்து கிடக்கின்றன. பெருமழை பெய்தாலோ, பனி விரைந்து உருகினாலோ, உள்ளே வருகிற நீருக்கு அந்த அடிவழிகள் போதா. வாய் குறுகிய குடத்தில் நீரைக் கொட்டினாற்போல் அது உள்ளேயே மேலெழும்புகிறது. கீழேயுள்ள ஊற்றைவிடக் குகையின் வாசல் ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மிகப் பெரிய வெள்ளத்தின்போது அந்த வாசலிலிருந்தே நீர் கொட்டும். நூறு மீட்டர் என்பது எத்தனை ஆலயக் கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாய் நிறுத்திய உயரம் என்று வீட்டில் பிள்ளைகளைக் கணக்கிடச் சொல்லுங்கள். அந்த உயரத்துக்கு மலைக்குள் இருட்டில் தண்ணீர் ஏறுகிறது. உள்ளே இருப்பவனுக்கு வானம் தெரியாது. வெளியே மழை பெய்கிறதா வெயில் அடிக்கிறதா என்பதும் தெரியாது. சில வேளைகளில் காற்றின் போக்கு மாறுவதும், எங்கோ தூரத்தில் ஓர் இரைச்சல் கேட்பதுமே அவனுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை.

இந்தக் குகையில்தான் இரண்டாம் உலகப்போரின் முடிவையொட்டிப் பேக்லி தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவர்கள் செய்த வேலை வெளிப்பார்வைக்கு மிகச் சலிப்பூட்டுவது. திசைகாட்டி, அளவுநாடா, சாய்வுமானி, குறிப்பேடு, இவ்வளவுதான் கருவிகள். ஒருவர் நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு முன்னே ஊர்ந்து போவார். மற்றவர் நிற்கிற இடத்திலிருந்து திசையையும் சரிவையும் தூரத்தையும் கூவுவார். இன்னொருவர் சேறு படிந்த விரலால் எழுதிக்கொள்வார். ஒவ்வொரு மீட்டரும் இவ்விதமே சேர்ந்தது. சுவர்களில் கிளிஞ்சலை அழுத்தி எடுத்தாற்போன்ற குழிகள் வரிசை வரிசையாய் இருக்கின்றன. அக்குழிகளின் சாய்வைப் பார்த்து, மனிதன் தோன்றுமுன் ஓடிய நீர் எத்திசையில் ஓடிற்று என்று சொல்லிவிடலாம். குழிகள் சிறியவையானால் நீர் விரைந்து ஓடிற்று. பெரியவையானால் மெல்ல ஓடிற்று. எழுத்தறியாத நீர் எழுதிவைத்த ஏடு அது.

1952-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பேக்லியும் மூன்று தோழர்களும் உள்ளே போயிருந்தார்கள். வெளியே மலைமேல் பெருமழை கொட்டியது. அவர்கள் திரும்பி வரவேண்டிய வழியில் தாழ்வான பகுதிகள் இருந்தன. அவை கூரைவரை நீரால் நிறைந்துவிட்டன. கதவு சாத்தப்பட்டுவிட்டது.

அவர்களுடைய நிலைமையை எண்ணிப் பாருங்கள். மேலுள்ள வழிகளுக்கு ஏறிக்கொண்டதால் மூழ்கிச் சாகும் ஆபத்து உடனே இல்லை. ஆனால் குகையினுள் ஆண்டு முழுவதும் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி. காற்றோ ஈரம் சொட்டச் சொட்ட இருக்கும். நனைந்த உடை காயாது. கொண்டுபோன உணவு சில நாள்களுக்கு உரியது. அக்காலத்துக் குகை ஆய்வாளரின் கையில் இருந்தது கார்பைடு விளக்கு. கார்பைடு கட்டி தீர்ந்தால் வெளிச்சமும் தீர்ந்தது. ஆகவே விளக்கை அணைத்துவிட்டு இருளில் உட்கார்ந்திருப்பதே புத்தி. குகை இருள் நம் வீட்டில் மின்சாரம் போன இரவு போன்றதன்று. கண்ணுக்கு முன் கையை ஆட்டினாலும், எவ்வளவு நேரம் பழகினாலும், தெரிவதில்லை. நாள் கணக்குக்குக் கைக்கடிகாரம் ஒன்றே துணை. வெளியே இருந்தவர்களுக்கு அதைவிடத் துன்பம்: உள்ளே நால்வரும் உயிரோடு இருக்கிறார்களா என்பதை அறிய அவர்களுக்கு வழியில்லை.

பத்து நாள் அப்படிக் கழிந்தது. பிறகு நீர் வடிந்தது. நால்வரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

நான் இதில் வியப்பது அவர்களுடைய துணிவை அன்று. துணிவு அங்கே உதவியிராது. நீரில் மூழ்கிய வழியைத் துணிந்து நீந்திக் கடக்க ஒருவர் முயன்றிருந்தால், அந்த ஒருவரை நாம் இழந்திருப்போம். வடியும்வரை உட்கார்ந்திருக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இளமையில் இருப்பவர்களுக்கு இதைவிடக் கடினமான காரியம் வேறொன்றில்லை என்பதைப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒப்புக்கொள்வார்கள். தாய்லாந்தில் 2018-இல் பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் குகையில் அகப்பட்டபோது உலகமே பதறிற்று அல்லவா? அங்கும் நடந்தது இதுவே. மழை பெய்தது, தாழ்ந்த வழிகள் நிரம்பின, சிறுவர்கள் மேட்டில் ஏறிக் காத்திருந்தார்கள். ஆனால் அங்கே பருவமழை தொடங்கிவிட்டது. நீர் வடியப் பல மாதங்கள் ஆகியிருக்கும். ஆகவே மூழ்கிய வழியாகவே அவர்களை மீட்க வேண்டியதாயிற்று. அம்முயற்சியில் ஒரு முக்குளிப்பு வீரர் உயிர் துறந்தார்.

முவோத்தாதால் ஆய்வாளர்கள் 1952-க்குப் பின் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். நீண்ட பயணங்களுக்குக் கோடையை விட்டுக் குளிர்காலத்தைத் தேர்ந்தார்கள். பனியும் குளிரும் உறைக்கிற மாதத்தில் குகைக்குள் போவதா என்று நமக்குத் தோன்றும். ஆனால் அப்போது மலைமேல் பெய்வதெல்லாம் உறைபனியாய் அங்கேயே கிடக்கிறது, உள்ளே இறங்குவதில்லை. குகைக்குள் குளிர் எப்போதும் ஒன்றே. வெளியே உறைபனிக்குக் கீழே இறங்கியிருக்கும் நாளில் உள்ளே போனால், அந்த 6 டிகிரி கதகதப்பாகக்கூடத் தோன்றுமாம். வெள்ளம் எட்டாத உயரத்தில் தங்குமிடங்களை அமைத்து, உணவும் எரிபொருளும் சேமித்து வைத்தார்கள். நீர் ஏறினால் போராடுவதில்லை. தங்குமிடத்துக்குப் போய்க் காத்திருப்பார்கள். குளிர்காலத்திலும் திடீரென வெதுவெதுப்பான தென்காற்று வீசிப் பனியை உருக்கிவிடுவதுண்டு. ஆகையால் எந்த மாதமும் முழுப் பத்திரமன்று.

அதே பள்ளத்தாக்கில் வானிலையை 'மோப்பம் பிடிக்கிறவர்கள்' என்று சிலர் இருப்பது வேடிக்கையான செய்தி. 1947-இல் சங்கமாகவே கூடிக்கொண்டார்கள். எறும்பின் போக்கு, காற்று, மரம், விலங்கு இவற்றைப் பார்த்து வரும் பருவத்துக்குச் சோதிடம் போல் வானிலை சொல்வார்கள். கூட்டம் கூடிக் கேட்டுச் சிரித்து மகிழும். அவர்கள் சொல்லை நம்பிக் குகைக்குள் போக நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் வானம் பார்த்து வாழ்ந்த மக்கள் அவர்கள் என்பதற்கு இது ஓர் அடையாளம்.

இந்தப் பொறுமையின் பலன் என்ன? இன்று ஹெல்லோக்கில் 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழிகள் அளக்கப்பட்டிருக்கின்றன. ஒரு காலத்தில் உலகிலேயே அறியப்பட்ட மிக நீண்ட குகையாக இது விளங்கியது; இப்போது வேறு நாடுகளின் குகைகள் முந்திவிட்டன. அடியிலிருந்து உச்சிவரை உயர வேறுபாடு ஆயிரம் மீட்டருக்குச் சற்று அதிகம். வரைபடத்தில் இன்னும் முடியாத வழிகள் உண்டு.

"இத்தனை ஆபத்துக்குள் போய் இருட்டை அளந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?" என்று ஒரு தாய் கேட்டால் அது நியாயமான கேள்வியே. 2014-இல் ஜெர்மனியின் ஆல்ப்ஸ் பகுதியில், ரீசென்டிங் என்னும் குகையில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் ஓர் ஆய்வாளரின் தலையில் கல் விழுந்தது. அவர் ஒருவரை மேலே கொண்டுவரப் பல நாடுகளிலிருந்து 700-க்கும் மேற்பட்டோர் உழைத்தார்கள். அவர் வெளிச்சத்தைக் காணப் பதினொரு நாளாயிற்று. ஒருவருடைய ஆர்வத்துக்கு எத்தனை பேர் விலை கொடுக்க நேரிடுகிறது என்று எனக்கும் தோன்றாமலில்லை.

ஆனால் குடிநீரை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆல்ப்ஸ் நாடுகளில் ஏராளமான ஊர்கள் சுண்ணாம்பு மலைகளின் ஊற்றுநீரைக் குடிக்கின்றன. மண்ணில் மெல்ல ஊறி வடிகட்டப்படும் கிணற்றுநீர் போன்றதன்று அது. குகை வழியாய்க் குழாயில் வருவது போல் விரைந்து வந்துவிடும். முற்காலத்தில் செத்த மாட்டை மேலுள்ள பாழ்ங்குழியில் தள்ளிவிடுவது மலைநாட்டுக் குடியானவர் பலரின் வழக்கம். குழி விழுங்கிற்று, காரியம் முடிந்தது என்று எண்ணினார்கள். அந்தக் குழியின் நீர் எந்த ஊற்றில் போய் நிற்கிறது என்று சாயத்தைக் கரைத்துவிட்டுக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் இந்தக் குகைக்காரர்கள்தாம். மேட்டில் ஒருவன் கொட்டும் அழுக்கு, மலைக்குள் எவ்வழியே புகுந்து, பள்ளத்தில் எவர் வீட்டுக் குவளைக்கு வருகிறது என்பதை அவர்களுடைய வரைபடம் காட்டுகிறது. அந்தத் தாய்க்கு என் பதில் இதுவே.

இன்னொன்றும் கிடைத்தது. அந்த இருண்ட நீரில் இறாலைப் போன்ற சிற்றுயிர்கள் வாழ்கின்றன. உடல் வெளுத்திருக்கும், கண் கிடையாது, இருளில் கண் எதற்கு? 2017-இல் அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து, அதுவரை எவரும் அறியாத புதிய இனங்கள் இந்தக் குகையில் உண்டென்று அறிவித்தார்கள். ஒன்றுக்கு முவோத்தா ஆற்றின் பெயரையே வைத்தார்கள். கம்பெனியார் மின்விளக்கு எரித்தபோதும் அவற்றின் முன்னோர் அங்கேதான் இருந்தன. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

இன்றும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது. கோடையில் அதன்முன் நின்றால் உள்ளிருந்து குளிர்காற்று முகத்தில் அடிக்கும். குளிர்காலத்திலோ வெளிக்காற்றை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். சுவிட்சர்லாந்தில் பணிபுரியும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் யாரேனும் இதை வாசித்துவிட்டுப் போக விரும்பலாம். வழிகாட்டியோடு முன்பகுதியைச் சில மணி நேரம் சுற்றிவர ஏற்பாடு உண்டு. தலைக்கவசமும் விளக்கும் தருவார்கள். கம்பெனியாரின் துருப்பிடித்த இரும்புகள் சில இடங்களில் இன்னும் பாறையில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். உள்ளே பல நாள் தங்கும் பயணம் குளிர்காலத்துக்கு மட்டுமே உரியது. முழங்காலில் வலி உள்ளவர்கள் அதற்கு ஆசைப்பட வேண்டாம். புறப்படுகிற காலையில் வழிகாட்டி வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு "இன்றைக்கு வேண்டாம்" என்று சொன்னால், எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும் பேருந்தைப் பிடித்துத் திரும்பிவிட வேண்டியதுதான்.